அந்த டொனிக் அண்ணாவின் மூளைக்குப் போகுமா?

புதுக்குடியிருப்பிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். 2009இல் அவருடைய அண்ணாவின் தலையில் செல் துண்டு, அதாவது எறிகணைத் துண்டு, பட்டது. சில வருடங்களாக வலிப்பு வருகிறது, கிளினிக்கில் தந்த குளிசை போடுகிறார். ஞாபகமறதியும் இருப்பதால் தெரிந்த ஒருவர் குளுட்டமிக் அமிலம் சேர்ந்த ‘மூளை டொனிக்’ ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறார். அதே கிழமை இன்னொருவர் வந்து, வலிப்பைக் கொண்டுவருவதே இந்தக் குளுட்டமேற்றுத்தான், அஜினோமோட்டோ, கருவாடு, தக்காளி எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்றிருக்கிறார். யாரை நம்புவது, மூளை இந்தச் சாமானைச் சாப்பாட்டிலிருந்து எடுக்கிறதா தானே செய்கிறதா என்பது அவருடைய கேள்வி. இரண்டு பேரும் எதிரெதிராகச் சொன்னாலும் இருவரும் நம்புவது ஒன்றைத்தான்: வாயில் போடும் குளுட்டமேற்று மூளைக்குப் போய்ச் சேரும் என்று. அது சரியா என்பதுதான் உண்மையில் நீங்கள் கேட்டது. சரியில்லை, தங்கச்சி. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான் நாளைக்கு மூன்றாவது ஆள் இன்னொரு போத்தலோடு வரும்போது நீங்களே தீர்மானிக்கலாம்.

நான் முள்ளியவளையில் பிறந்தவன். உயிர் இரசாயனம் படித்து, இருபது வருடத்துக்கு மேல் மருத்துவ மாணவர்களுக்கு அதைப் படிப்பித்தவன். வைத்தியர் இல்லை. ஆகவே மூளைக்குள் இந்த அமினோ அமிலங்கள் எப்படி உருவாகி எப்படி அழிகின்றன என்பதைத் துணிந்து சொல்வேன். அண்ணாவின் குளிசையைக் கூட்டுவதா குறைப்பதா என்பதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லமாட்டேன். அது அவரைப் பார்க்கிற வைத்தியரின் வேலை.

குளுட்டமேற்று என்பது புரதங்களைக் கட்டும் இருபது அமினோ அமிலங்களில் ஒன்று. டொனிக்கில் எழுதியிருக்கும் குளுட்டமிக் அமிலமும் இதுதான், உடம்புக்குள் இருக்கும் வடிவத்தைக் குளுட்டமேற்று என்கிறோம். பருப்பு, மீன், தக்காளி, தாய்ப்பால் எல்லாவற்றிலும் உண்டு. 1908இல் ஜப்பானிய இரசாயனவியலாளர் கிக்குனே இக்கேடா கடற்பாசிச் சாற்றின் சுவைக்கு இதுவே காரணம் என்று கண்டார். கடையில் அஜினோமோட்டோ என்று வாங்குவது இதன் சோடியம் உப்பு. மூளைக்குள் இதற்கு இன்னொரு வேலை இருக்கிறது. ஒரு நரம்புக்கலம் அடுத்த கலத்தைத் தூண்டுவதற்கு விடும் பிரதான சமிக்ஞை இதுதான். 1950களில் ஜப்பானில் ஹயாஷி என்பவர் நாய்களின் மூளை மேற்பரப்பில் நேரடியாக இதைச் செலுத்தியபோது வலிப்பு வந்தது. ஆக, உங்களுக்குச் சொன்ன இரண்டாவது ஆள் முழுப் பொய் சொல்லவில்லை. குளுட்டமேற்றுக்கும் வலிப்புக்கும் தொடர்பு உண்டு. அது எந்த வழியால் வருகிறது என்பதில்தான் அவர் பிழை விட்டுவிட்டார்.

சாப்பாட்டில் போகும் குளுட்டமேற்றை முதலில் பிடித்துக்கொள்வது குடல். குடற்சுவரின் கலங்கள் அதைத் தங்கள் எரிபொருளாக எரித்துவிடுகின்றன. பன்றிக்குட்டிகளில் அளந்து பார்த்தபோது, உணவில் கொடுத்ததில் நூற்றுக்கு 95 பங்கு அளவு குடலைத் தாண்டவேயில்லை. தாண்டிய கொஞ்சமும் ஈரலைக் கடந்துதான் பொதுவான குருதியோட்டத்துக்கு வரவேண்டும். அதற்குப் பிறகு மூளையின் வாசலில் இன்னொரு மறிப்பு. மூளைக்குள் ஓடும் மயிர்த்துளைக் குழாய்களின் சுவர்க்கலங்கள் இடைவெளியின்றி ஒட்டியிருக்கின்றன. இதைக் குருதி மூளைத் தடுப்பு என்கிறோம். குளுக்கோசுக்கு இந்தச் சுவரில் தனி வாசல் இருக்கிறது. லியூசின், பீனைல்அலனின் போன்றவற்றுக்கும் வாசல் இருக்கிறது. குளுட்டமேற்று உள்ளே வர அப்படி ஒரு தாராளமான வாசல் இல்லை. இல்லாததும் நல்லதுதான். குருதியில் இருக்கும் குளுட்டமேற்றின் செறிவு, மூளையில் கலங்களுக்கு வெளியே உள்ள திரவத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகம். சுவர் திறந்திருந்தால் வயிறு நிறைய மீன்குழம்பும் சோறும் சாப்பிட்ட ஒவ்வொரு மத்தியானமும் நம் எல்லோருக்கும் ஆபத்தாக இருந்திருக்கும்.

பயம் எங்கிருந்து வந்தது என்றால், 1969இல் ஜோன் ஓல்னி என்ற அமெரிக்க ஆய்வாளர், பிறந்து சில நாளான எலிக்குஞ்சுகளுக்குப் பெரிய அளவில் இதை ஊசி மூலம் ஏற்றியபோது மூளையின் அடிப்பகுதியில் கலங்கள் இறந்ததைக் காட்டினார். அந்த ஆய்வு உண்மையானது. ஆனால் அது ஊசி, பெரிய அளவு, பிறந்த குஞ்சு, அதோடு இயல்பாகவே தடுப்புச்சுவர் தளர்ந்திருக்கும் ஒரு சிறு பகுதி. கறிச்சட்டிக்குள் போடும் ஒரு சிட்டிகைக்கு அந்த முடிவைக் கொண்டுவர முடியாது.

சரி, வெளியிலிருந்து வராவிட்டால் மூளைக்குள் இவ்வளவு குளுட்டமேற்று எப்படி இருக்கிறது? மூளை அதைச் சீனியிலிருந்து, அதாவது குருதியில் வரும் குளுக்கோசிலிருந்து, செய்துகொள்கிறது. வகுப்பில் இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் எனக்கு ஒரு சந்தோசம் வரும், ஏனென்றால் இது வெறும் கூட்டல் கழித்தல் கணக்கு. குளுக்கோசில் ஆறு காபன். அது உடைந்து மூன்று காபனுள்ள இரண்டு துண்டாகிறது. ஒரு துண்டு ஒரு காபனை இழந்து இரண்டாகிறது. மற்றத் துண்டு ஒரு காபனீரொட்சைட்டைப் பிடித்து நாலாகிறது. இரண்டும் நாலும் சேர்ந்து ஆறு. அதுதான் எலுமிச்சம்பழத்தில் இருக்கும் சித்திரிக்கமிலம். அதிலிருந்து ஒரு காபன் கழன்றால் ஐந்து. அந்த ஐந்து காபன் எலும்புக்கூட்டில் ஒரு நைதரசனைப் பொருத்தினால் குளுட்டமேற்று வந்துவிடும். நைதரசனை வேறு அமினோ அமிலங்கள் கொடுக்கின்றன. அவற்றில் முக்கியமானது லியூசின், சுவரில் வாசல் உள்ளது என்று முன்னே சொன்னேனே, அதுதான். லியூசினை உடம்பால் செய்யமுடியாது, மீன், முட்டை, பருப்பு, பாலிலிருந்துதான் வரவேண்டும். ஆகவே புரதச் சாப்பாட்டைக் குறைப்பது மூளைக்கு எந்த உதவியும் செய்யாது.

இந்தக் கணக்கில் காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் படி ஒன்று வந்தது அல்லவா, அதைச் செய்யும் நொதியம் நரம்புக்கலங்களில் இல்லை என்றே சொல்லலாம். அது பக்கத்தில் இருக்கும் வேறொரு வகைக் கலத்தில் இருக்கிறது. நட்சத்திரம் போலக் கைகளை விரித்திருப்பதால் அதை நட்சத்திரக்கலம் என்கிறேன். வைத்தியர்கள் அஸ்ட்ரோசைட் என்பார்கள். முந்தைய காலத்தில் இவற்றை நரம்புக்கலங்களைத் தாங்கிப் பிடிக்கும் வெறும் பசை என்று நினைத்தார்கள். இன்று தெரிந்தவரை, நரம்புக்கலம் புதிதாகக் குளுட்டமேற்று பெறுவதற்கு இந்த அயல்வீட்டுக்காரரை நம்பித்தான் இருக்கிறது.

செய்வதைவிட எனக்குப் பெரிய விடயமாகப் படுவது அப்புறப்படுத்துவது. நரம்புக்கலத்தின் நுனியில் உள்ள சிறு பைகளுக்குள் இருக்கும் குளுட்டமேற்றின் செறிவு வெளியில் இருப்பதைவிடப் பல ஆயிரம் மடங்கு. சமிக்ஞை வரும்போது பை திறந்து கொட்டுகிறது. கொட்டியதை மில்லிசெக்கன் கணக்கில் அள்ளாவிட்டால் அடுத்த கலம் தொடர்ந்து தூண்டப்பட்டுக்கொண்டே இருக்கும், கடைசியில் செத்தும் போகும். வெளியே குளுட்டமேற்றை உடைக்கும் நொதியம் எதுவும் இல்லை. அள்ளுவது ஒன்றே வழி, அள்ளுவதில் மிகப் பெரிய பங்கு நட்சத்திரக்கலங்களுடையது. உள்ளே இழுத்த குளுட்டமேற்றோடு அவை ஒரு அமோனியாவைச் சேர்த்துக் குளுட்டமின் ஆக்குகின்றன. குளுட்டமினுக்குத் தூண்டும் சக்தி இல்லை, ஆகவே அதைப் பயமின்றி வெளியே விடலாம். நரம்புக்கலம் அதை எடுத்து, அமோனியாவைக் கழற்றிவிட்டுத் திரும்பக் குளுட்டமேற்று ஆக்கிப் பையில் நிரப்புகிறது. நம் பக்கத்தில் மேற்குளத்துத் தண்ணீர் வயலுக்குப் பாய்ந்து, வடிந்து, கீழ்க்குளத்தில் சேர்ந்து, திரும்ப இன்னொரு வயலுக்குப் போகிறதே, அதுபோலத்தான். குளத்துத் தண்ணீர் வழியில் ஆவியாவதுபோல இங்கேயும் கொஞ்சம் எரிந்துபோகிறது: அள்ளிய குளுட்டமேற்றில் ஒரு பகுதியை நட்சத்திரக்கலம் தன் சக்திக்காக எரிக்கிறது, அந்தக் குறையைத்தான் சீனியிலிருந்து செய்து நிரப்புகிறது. மூளைத் துண்டுகளில் குளுட்டமின் உருவாவதை 1935இல் ஹான்ஸ் கிரெப்ஸ் காட்டினார். எந்தக் கலம் எந்த வேலையைச் செய்கிறது என்று பிரித்தறியப் பிறகு பல பத்தாண்டுகள் எடுத்தன.

இதே குளுட்டமேற்றிலிருந்துதான் மூளையை அடக்கும் பொருளும் வருகிறது. ஐந்து காபனில் ஒன்றைக் காபனீரொட்சைட்டாகக் கழற்றினால் நாலு காபனுள்ள காபா. 1950இல்தான் மூளையில் அது இருப்பது கண்டுபிடிக்கப்பட்டது. தூண்டுவதும் அடக்குவதும் ஒரு காபன் இடைவெளியில் நிற்கின்றன. அந்த ஒரு காபனைக் கழற்றும் நொதியத்துக்கு விற்றமின் பி6 கட்டாயம் வேண்டும். 1950களின் ஆரம்பத்தில் அமெரிக்காவில் ஒரு குழந்தைப் பால் உணவைச் சூடாக்கித் தயாரித்தபோது அதிலிருந்த பி6 அழிந்துபோய், அதைக் குடித்த குழந்தைகளுக்கு வலிப்பு வந்தது. பி6 கொடுத்ததும் நின்றது. நம் ஊரில் இதைவிட அருகில் உள்ள உதாரணம் காசநோய் மருந்து ஐசோநயசிட். அது பி6ஐ வேலை செய்யவிடாது, அதனால்தான் காசநோய்க் குளிசையோடு பி6 குளிசையும் பலருக்குச் சேர்த்துக் கொடுக்கிறார்கள். வேலை முடிந்த காபாவை வேறொரு நொதியம் உடைக்கிறது. அதன் நைதரசன் திரும்பப் போய் ஒரு புதுக் குளுட்டமேற்றைச் செய்கிறது, மீதி எரிந்துவிடுகிறது. அந்த உடைக்கும் நொதியத்தைத் தடுத்தால் காபா பெருகும். விகாபற்றின் என்ற வலிப்பு மருந்து அப்படித்தான் வேலை செய்கிறது. இதற்காக அண்ணாவுக்கு நீங்களே பி6 வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். பி6 குறைவு இல்லாத ஒருவருக்கு அதைக் கூட்டுவதால் காபா அதிகரிக்காது, நீண்ட காலம் பெரிய அளவில் போட்டால் கைகால் நரம்புகள் விறைத்துப்போகும், பெனிற்றோயின் என்ற வலிப்பு மருந்து போடுபவராக இருந்தால் அந்த மருந்தின் அளவு குருதியில் குறையவும் கூடும்.

அமோனியா என்று ஒரு சொல் மேலே வந்தது. அதை நான் புத்தகத்தில் படித்தது ஒருவிதம், என் பெரியப்பாவின் கட்டிலருகே இருந்து படித்தது இன்னொருவிதம். பல வருடம் கசிப்புக் குடித்து ஈரல் சுருங்கியிருந்தது. ஒருநாள் பின்னேரம் பெரியம்மாவை யார் என்று கேட்டார். பகலில் நித்திரை, இரவில் முழிப்பு. கையை நீட்டச் சொன்னால் மணிக்கட்டு பறவைச் சிறகு மாதிரி அடித்தது. புரதம் உடைவதால் வரும் அமோனியாவை யூரியாவாக்கிக் கழிப்பது ஈரல். அது முடியாதபோது அமோனியா மூளைக்குள் போகிறது. மூளையில் யூரியா செய்யும் முழு வசதி கிடையாது. நட்சத்திரக்கலம் குளுட்டமேற்றோடு சேர்த்துக் குளுட்டமின் ஆக்குவது ஒன்றுதான் அதற்குத் தெரிந்த வழி. அமோனியா அளவுக்கு மீறி வந்தால் குளுட்டமின் கலத்துக்குள் குவிந்து தண்ணீரை இழுத்து, நட்சத்திரக்கலம் வீங்குகிறது, புத்தி மங்குகிறது. வகுப்பில் அதே மாதம் நான் படிப்பித்துக்கொண்டிருந்த படி அது. லக்டுலோஸ் என்ற இனிப்புப் பாணியைக் குடிக்கக் கொடுத்தார்கள், வயிறு நன்றாகப் போனது, இரண்டு நாளில் பெரியம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு வீட்டில் நாங்கள் ஒரு பிழை செய்தோம். அமோனியா புரதத்திலிருந்துதானே வருகிறது என்று மீனையும் முட்டையையும் நிறுத்தினோம். ஆள் வாடிப்போனார். ஈரல் கைவிட்ட அமோனியாவைக் கட்டிப் பிடிக்க உதவுவது தசை, அந்தத் தசையை நாங்களே கரைத்துவிட்டோம். இன்று ஈரல் நோயாளருக்குப் புரதத்தை அப்படி நிறுத்தச் சொல்வதில்லை. பாதி விளங்கிய இரசாயனத்தை வைத்துச் சாப்பாட்டுத் தட்டில் கைவைப்பதில் எனக்கு இவ்வளவு பயம் ஏன் என்று இப்போது உங்களுக்குப் புரியும்.

மற்ற அமினோ அமிலங்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் வன்னியில் இருந்துகொண்டு கிளைசினைச் சொல்லாமல் விடக்கூடாது. அதுவும் அடக்கும் சமிக்ஞைதான், முக்கியமாக முள்ளந்தண்டு நாணிலும் மூளைத்தண்டிலும். காட்டோரத்தில் நிற்கும் காஞ்சிரையை, எட்டி என்றும் சொல்வார்கள், தெரியும்தானே? பொத்தான் மாதிரித் தட்டையான அதன் கொட்டையில் உள்ள ஸ்ட்ரிக்னின் நஞ்சு, கிளைசின் போய் உட்கார வேண்டிய இடத்தை அடைத்துவிடுகிறது. அடக்க ஆளில்லாமல் தசைகள் எல்லாம் ஒரே நேரத்தில் இறுகி உடம்பு வில்லாக வளையும். மண்ணில் உள்ள ஏற்பு (டெட்டனஸ்) நோய்க் கிருமியின் நஞ்சு அதே கிளைசினையும் காபாவையும் வெளியே விடாமலே தடுக்கிறது, அதனால் ஏற்பிலும் உடம்பு அப்படியே வளைகிறது. கிளைசினை உடைப்பதற்கு மூளையில் ஒரு நொதியத் தொகுதி இருக்கிறது. பிறவியிலேயே அது பழுதான குழந்தைகள் மூச்சுக்கும் விழிப்புக்கும் போராடுவார்கள். அடக்கும் பொருள் என்பதற்காக, கூடினால் நல்லது என்று எண்ணமுடியாது.

இனி அண்ணாவின் தலைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு வருவோம். உறுதியானது இவ்வளவு: மூளைக்குள் ஊடுருவிய காயத்துக்குப் பிறகு வலிப்பு வருவது மிகச் சாதாரணம். வியட்நாம் போரில் அப்படிக் காயம்பட்ட அமெரிக்கப் படையினரைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தபோது ஏறக்குறைய பாதிப் பேருக்கு வலிப்பு வந்திருந்தது, சிலருக்குக் காயம்பட்டுப் பல வருடத்துக்குப் பிறகு. ஆகவே அண்ணா சாப்பிட்ட எதுவும் இதைக் கொண்டுவரவில்லை. காயம்பட்ட இடத்தில் தழும்பு உண்டாகிறது, அந்தத் தழும்பைக் கட்டுவதில் பெரும் பங்கு நட்சத்திரக்கலங்களுடையது. மருந்துக்கு அடங்காத ஒருவகை வலிப்பில் சத்திரசிகிச்சை மூலம் அகற்றிய மூளைத் திசுவைச் சோதித்தபோது, குளுட்டமின் செய்யும் நொதியம் அங்கே குறைந்திருந்தது. தழும்புக் கலங்கள் அள்ளும் வேலையைச் சரியாகச் செய்யாததால் குளுட்டமேற்று வெளியே தேங்கி வலிப்பைத் தூண்டுகிறது என்ற கருத்து அதிலிருந்து வலுப்பெற்றது. எனக்கும் அது பொருத்தமாகப் படுகிறது. ஆனாலும் அது வலிப்புக்குக் காரணமா, திரும்பத் திரும்ப வலிப்பு வந்ததன் விளைவா என்ற வாதம் இன்னும் தீரவில்லை. செல் துண்டால் வந்த தழும்பிலும் அதே குறைதான் என்று யாராவது அடித்துச் சொன்னால் அவர் தெரிந்ததைத் தாண்டிப் பேசுகிறார். பிள்ளைகளுக்குச் சில இடங்களில் கொடுக்கும் கொழுப்பு மிகுந்த கீற்றோ உணவு மூளையில் காபாவைக் கூட்டுகிறது என்பதும் ஒரு கருதுகோள்தான். அந்த உணவு சிலருக்கு வலிப்பைக் குறைக்கிறது என்பது உண்மை, எப்படிக் குறைக்கிறது என்பது முடிவாகவில்லை. வைத்தியரின் கண்காணிப்பு இல்லாமல் வீட்டில் அதைத் தொடங்கக் கூடாது.

எது எப்படியிருந்தாலும், தேங்கும் குளுட்டமேற்று அந்த இடத்தில் மூளையே செய்தது. தக்காளியை நிறுத்தி அதைக் குறைக்க முடியாது, டொனிக் குடித்து அதைக் கூட்டவும் முடியாது. குளுட்டமிக் அமிலம் கொடுத்தால் புத்தி கூடும் என்று 1940களில் அமெரிக்காவில் பிள்ளைகளுக்குக் கொடுத்தே பார்த்தார்கள். முதலில் வந்த நல்ல செய்திகள் கவனமாகத் திருப்பிச் செய்தபோது நிற்கவில்லை. காபா என்றே பெயர் எழுதி விற்கும் குளிசைகளுக்கும் அந்தச் சுவர்தான் தடை. காயத்தின் நரம்பு வலிக்கு நம் பகுதியில் பலர் போடும் கபாபென்ரின் பெயரில் மட்டும்தான் காபா. அது காபாவாக மாறுவதுமில்லை, காபாவின் இடத்தில் உட்காருவதுமில்லை. கல்சியம் செல்லும் வாசல் ஒன்றில் ஒட்டி வேலை செய்கிறது.

ஆகவே கருவாடும் தக்காளியும் அண்ணா சாப்பிடட்டும். அஜினோமோட்டோ வலிப்பைக் கூட்டும் என்பதற்கு நம்பக்கூடிய சான்று இல்லை. பிரசர் இருந்தால் அதிலும் கருவாட்டிலும் உள்ள உப்பை எண்ணிக் குறைக்கலாம், அது வேறு காரணம். வலிப்பை நிச்சயமாகக் கூட்டுபவை வேறு: குளிசையைத் தவறவிடுவது, நித்திரை முழிப்பு, குடித்துவிட்டுத் திடீரென்று நிறுத்துவது. வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அண்ணா போகட்டும், ஆனால் விடிய விடிய முழித்திருக்காமல் நேரத்துக்குக் குளிசையைப் போட்டு, ஓரிடத்தில் படுத்து எழும்பி வரட்டும். ஞாபகமறதிக்குக் காயமே காரணமாக இருக்கலாம், நித்திரையில் தெரியாமல் வரும் வலிப்பாக இருக்கலாம், குளிசையின் பக்கவிளைவாகவும் இருக்கலாம். எது என்பதை இங்கிருந்து என்னால் சொல்லமுடியாது, கிளினிக்கில் கேட்டால் அவர்களால் பிரித்துப் பார்க்க முடியும்.

இன்னொன்று. அவர் போடுவது வல்புரோயேற்று என்ற வலிப்பு மருந்து என்றால், அது சிலருக்கு அமோனியாவைக் கூட்டும். வழமைக்கு மாறான தூக்கம், சத்தி, பேச்சில் குழப்பம் தெரிந்தால் அடுத்த கிளினிக் நாள் வரை காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். குளிசையை நீங்களாக நிறுத்திவிடவும் வேண்டாம். டொனிக் போத்தலை எறியாமல் வைத்திருந்து, லேபிள் கிழியாமல் அடுத்த தடவை கொண்டுபோய் வைத்தியரிடம் காட்டுங்கள். குளுட்டமிக் அமிலத்தோடு அதற்குள் வேறு என்னென்ன கலந்திருக்கிறது, அண்ணாவின் குளிசையோடு அவை ஒத்துப்போகுமா என்பதை அவர் பார்க்க வேண்டும்.